மீட்டரின் சிவப்பு விளக்கு சொல்லும் கணக்கு

முத்தியால்பேட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒரு எச்.பி. மோட்டாரை அரை மணி நேரம் ஓட்டினால் பில் அதிகமா, ஃபேனை ராத்திரி முழுக்க ஓட்டினால் அதிகமா?"

பழைய ஃபேன் 75 வாட்; எட்டு மணி நேரத்தில் 0.6 யூனிட். ஒரு எச்.பி. மோட்டார் தண்டில் 746 வாட் தருவதற்கு லைனிலிருந்து ஏறக்குறைய 1,000 வாட் இழுக்கும். அரை மணிக்கு 0.5 யூனிட். ஃபேன்தான் முந்துகிறது. ஆற்றலை நேரத்தால் வகுத்தால் திறன் என்று பள்ளியில் படித்த சூத்திரத்துக்கு மேல் இதில் எதுவும் இல்லை. ஆனால் அந்த வகுத்தலை நம் வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கலாம் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

குதிரைத்திறனுக்கு வரலாறு உண்டு. ஜேம்ஸ் வாட்டின் வழிவந்த பிரிட்டிஷ் கணக்கில் அது 746 வாட். 1954 நவம்பர் வரை புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் கணக்கில், 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்கும் திறன், அதாவது 735.5 வாட். 1889இல் பாரிஸில் கூடிய மின்னியலாளர் மாநாடு வாட்டையும் ஜூலையும் அலகுகளாக ஏற்றது. இது போதும், மீட்டருக்கு வருவோம்.

டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 3,200 என்று இருந்தால், ஒரு யூனிட்டின் 36 லட்சம் ஜூலை அதால் வகுங்கள்: சிமிட்டல் ஒன்றுக்கு 1,125 ஜூல்.

களத்தில் நெல் அளப்பது போலத்தான் இது. மரக்கால் நிறைந்தால் ஒரு எண்ணிக்கை. மரக்காலின் அளவு மாறாது. அளப்பவரின் கைவேகம்தான் மாறும். மொத்தம் எத்தனை மரக்கால் என்பது ஆற்றல், எவ்வளவு விரைவாக விழுகிறது என்பது திறன். மோட்டாரை நிறுத்தும்போது கடைசி மரக்கால் பாதியில் நின்றாலும் மீட்டர் அதைக் கொட்டிவிடாது. அடுத்து ஸ்விட்சைப் போட்டதும் அந்த மிச்சத்தின் மேலேயே நிரப்பும். அளந்து போட்ட நெல்லை யாராவது திருப்பிக் கொட்டினால் அதையும் கழித்துக்கொள்ளும்.

கடைசியாகச் சொன்னதில்தான் நுட்பம் இருக்கிறது. மீட்டருக்குள் உள்ள சில்லு, மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை பார்த்து, ஒவ்வொரு முறையும் இரண்டையும் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போகிறது. நம் மின்சாரம் 20 மில்லிநொடிக்கு ஒரு முறை முழுச்சுற்று சுற்றி வருகிறது. மின்தேக்கி ஒன்றை இணைத்தால், அது அந்தச் சுற்றின் கால் பங்கில் ஆற்றலை வாங்கி, அடுத்த கால் பங்கில் அப்படியே திருப்பித் தருகிறது. கூட்டினால் ஏறக்குறைய பூஜ்யம்.

"பிளக்கில் செருகினால் பில் பாதியாகும்" என்று விற்கிறார்களே, அந்தப் பெட்டிக்குள் பெரும்பாலும் இருப்பது ஒரு மின்தேக்கிதான். செய்துகாட்டும்போது ஆம்பியர் குறைவது உண்மை. மோட்டாருக்கும் லைனுக்கும் இடையே சும்மா போய்வந்துகொண்டிருந்த மின்னோட்டத்தை அது குறைக்கிறது. ஆனால் அந்தப் போக்குவரத்தை மீட்டர் முதலிலேயே கூட்டிக் கழித்துவிட்டது. திறன் காரணி குறைந்தால் அபராதம் கட்டும் ஆலைகளுக்கு மின்தேக்கி நிஜமாகவே பணம் மிச்சப்படுத்தும். யூனிட்டுக்கு மட்டும் காசு கட்டும் வீட்டுக்கு அதனால் பயன் இல்லை.

சோதிப்பது எளிது. ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரே ஒரு சாதனத்தை ஓட்டுங்கள். பத்துச் சிமிட்டலுக்கு ஆகும் நொடிகளைக் குறித்து, 11,250ஐ அதால் வகுத்தால் வாட் கிடைக்கும். 75 வாட் ஃபேனுக்கு 150 நொடி ஆகும். 1,500 வாட் ஏசிக்கு ஏழரை நொடி போதும். (காரைக்காலில் உள்ள 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் முழுத் திறனில் ஓடும்போது நொடிக்கு ஒன்பது யூனிட் தருகிறது. அந்த வேகத்தில் சிமிட்டினால் நொடிக்கு ஏறக்குறைய 29,000!)

பெட்டி விற்பவர் வந்தால் ஆம்பியர் காட்ட விடாதீர்கள். மீட்டர் முன்னால் நிறுத்தி, பெட்டி இல்லாமல் ஒரு முறை, பெட்டியோடு ஒரு முறை பத்துச் சிமிட்டலை எண்ணச் சொல்லுங்கள். நேரம் கூடவில்லை என்றால் வாங்காதீர்கள்.