புகழுக்குப் பிறகு ஒரு பட்டம்

கடந்த ஆண்டு இறுதியில் நான் பாடிப் பதிவேற்றிய காணொளியை நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இசைக் கல்விப் பட்டப்படிப்பை இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிட்டு முழுநேரப் பாடகனாகிவிடலாம் என்று வீட்டில் சொன்னேன். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. “முதல்ல படிச்சு முடிப்பா, பாட்டு எங்கயும் ஓடிடாது” என்றார் அம்மா. எனக்கு அது வழக்கமான அறிவுரையாகத்தான் பட்டது.

அப்போதுதான் தேவாலயத்தில் கித்தார் வாசிக்கும் என் வகுப்புத் தோழன் ஒருவரைப் பற்றிச் சொன்னான். அவர் அமெரிக்கக் கிறிஸ்துவப் பாடகரும் பாடலாசிரியருமான ரிச் மல்லின்ஸ். நான் கிறிஸ்துவன் அல்லன். இருந்தாலும், தேடிப் படிக்கத் தொடங்கியபின் என்னால் நிறுத்த முடியவில்லை.

மல்லின்ஸ் 1955-இல் இந்தியானா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் பிறந்தவர். 1982-இல் ஏமி கிராண்ட் என்ற புகழ்பெற்ற பாடகி இவர் எழுதிய பாடலைப் பாட, இசையுலகம் இவரைத் திரும்பிப் பார்த்தது. 1986-இல் சொந்த இசைத்தொகுப்பு வெளிவந்தது. 1988-இல் வெளியான ‘ஆசம் காட்’ இன்றும் பல நாட்டுத் தேவாலயங்களில் ஒலிக்கிறது. பியானோவும் கித்தாரும் மட்டுமல்ல, சிறு கோல்களால் தந்திகளைத் தட்டி வாசிக்கும், நம் சந்தூரைப் போன்ற டல்சிமர் என்ற வாத்தியத்திலும் அவர் வல்லவர்.

இவ்வளவு புகழுக்குப் பிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா? கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரிலுள்ள பிரெண்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். 1995-இல், 39-ஆவது வயதில், இசைக் கல்வியில் பட்டம் பெற்றார். நான் பாதியில் விட நினைத்த அதே படிப்பு!

மேடையும் ரசிகர்களும் இருந்தவருக்குப் பட்டம் எதற்கு? நவஹோ பழங்குடிப் பிள்ளைகளுக்கு இசை கற்பிக்க அவர் விரும்பினார். பட்டம் பெற்றதும் நியூ மெக்சிகோவில் அம்மக்கள் வாழும் பகுதிக்கே குடிபெயர்ந்து, அங்கு எளிமையாக வாழ்ந்தார்.

பணத்திலும் அவர் வழி வேறு. பாடல் வருமானம் முழுவதையும் தம் தேவாலயப் பெரியவர்களிடம் ஒப்படைத்தார். சராசரி அமெரிக்கத் தொழிலாளியின் சம்பள அளவை மட்டும் பெற்றுக்கொண்டார். மீதி அறப்பணிகளுக்குச் சென்றது.

1997 செப்டம்பரில், கைவிடப்பட்ட ஒரு தேவாலயத்தில் அமர்ந்து, சாதாரண ஒலிப்பதிவுக் கருவியில் புதிய பாடல்களைப் பாடிப் பதிவு செய்தார். சில நாட்களில், செப்டம்பர் 19-ஆம் தேதி, இல்லினாய் மாநில நெடுஞ்சாலையில் நடந்த விபத்தில் இறந்தார். அவர் இருக்கை வார் அணிந்திருக்கவில்லை. வயது 41. அந்தக் கரடுமுரடான பதிவையும், அதே பாடல்களை நண்பர்கள் பாடிய பதிவையும் சேர்த்து 1998-இல் ‘தி ஜீசஸ் ரெக்கார்ட்’ வெளிவந்தது.

இதையெல்லாம் படித்த பிறகும் என் மனம் உடனே மாறிவிடவில்லை. மாற்றியது ஒரு சிறுமி. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் ஐந்து பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறேன். “அண்ணே, இந்தக் கட்டைக்கு அப்புறம் ஏன் அந்தக் கட்டைய அழுத்தணும்? வேற எதையாச்சும் அழுத்தினா ஏன் நல்லா இல்ல?” என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு வாசிக்கத் தெரியும், விளக்கத் தெரியவில்லை. “அப்படித்தான்மா” என்று சமாளித்தேன். அவள் முகம் சுருங்கியது.

மல்லின்ஸ் ஏன் வகுப்பறைக்குத் திரும்பினார் என்பது அன்று புரிந்தது. பாடுவது வேறு, இன்னொருவருக்குக் கற்றுத்தருவது வேறு. அதைத் தனியாகத்தான் படிக்க வேண்டும்.

இந்தப் பருவத்திற்கும் பதிந்துவிட்டேன். பாடுவதை விடவில்லை; அடுத்த காணொளி தயாராகிறது. அப்பா பேசத் தொடங்கிவிட்டார். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மட்டும் அவர் கேட்பதில்லை. “அந்தப் பாப்பாவுக்குப் பதில் சொல்லிட்டியா?” என்றுதான் கேட்கிறார்.

போன சனிக்கிழமை சொல்லிவிட்டேன்.