பிடிக்காத கையும் அசையாத உடம்பும்

வில்லாளி என்றதும் புடைத்த புஜமும் இரும்புப் பிடியும்தான் நம் மனத்தில் வரும். காலண்டர் ராமர் படங்கள் அப்படிப் பழக்கிவிட்டன. ஆனால் ஒரு போட்டியை உற்றுப் பாருங்கள். அம்பு பறந்ததும் வில் கையிலிருந்து நழுவி முன்பக்கமாகச் சாய்ந்து தொங்கும். கைதவறி அல்ல, அந்தக் கை வில்லைப் பிடிக்கவே இல்லை. உள்ளங்கை மேட்டால் முட்டுக்கொடுத்து நிற்கிறது, அவ்வளவுதான். வில் கீழே விழாமல் விரல்களில் கோத்த ஒரு வார் தாங்கிக்கொள்ளும். இறுக்கிப் பிடித்தால் நாணை விடும் நொடியில் வில் திருகி, அம்பு விலகிவிடும்.

வலிமை தேவைப்படுவது நாண் இழுக்கும் பக்கம். ஒலிம்பிக்கில் பயன்படும் ரிகர்வ் வில்லில் முன்னணி ஆண்கள் இழுக்கும் விசை 20 கிலோவைத் தாண்டும். நாணைக் கொக்கிபோல மாட்டியிருப்பவை மூன்றே விரல்கள். தகுதிச் சுற்றிலேயே 72 அம்புகள். விரலும் முன்கையும் ஓய்ந்தால் தோள் மேலேறும். தோள் ஏறினால் உடம்பு ஆடும். பிடிவலிமைக்கும் சமநிலைக்கும் உள்ள உறவு, என் பார்வையில், கடைசிப் பத்து அம்புகளில்தான் தெரியும்.

ஆட்டம் துளியாக இருந்தாலும் போதும். 70 மீட்டர் தொலைவில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 12.2 செ.மீ. ஒரு பாகையில் இருபதில் ஒரு பங்கு பிசகினால் அம்பு அதன் விளிம்புக்குப் போய்விடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கொரியாவின் கிம் வூ-ஜின் தனிநபர் தங்கம் வென்றது, அவர் அம்பு எதிராளியின் அம்பைவிட மையத்துக்கு 4.9 மில்லிமீட்டர் நெருக்கமாக விழுந்ததால்!

உடலளவு முக்கியமா? விரித்த இரு கைகளின் மொத்த நீளத்தை இரண்டரையால் வகுத்தால் நாண் இழுப்பு நீளம் ஏறக்குறைய கிடைக்கும். வில்லும் அம்பும் வாங்க அந்தக் கணக்கு உதவும். ஆனால் ஆளைத் தேர்ந்தெடுக்க அதை நம்பினால் ஷீத்தல் தேவியை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்போம்.

ஜம்முவின் கிஷ்த்வார் மலைப்பகுதிப் பெண். பிறவியிலேயே இரு கைகளும் இல்லை. நாற்காலியில் அமர்ந்து, வலது காலால் வில்லைத் தாங்கி, வலது தோளால் நாணை இழுத்து, தாடையால் விடுவிக்கிறார். ஒரு கால் அந்தரத்தில் நிற்க, இடுப்பும் முதுகும் ஆடாமல் இருந்தாக வேண்டும். பாரிஸ் பாராலிம்பிக் தகுதிச் சுற்றில் அவர் எடுத்தது 720-க்கு 703. கலப்பு அணியில் வெண்கலம். 2025-ல் உலக பாரா சாம்பியன். அதே ஆண்டு இந்திய ஜூனியர் அணிக்கும் தேர்வானார். பாரா அணி அல்ல. மற்ற எல்லோரும் கையால் வில்லேந்தும் அணி.