பாறையே இல்லாத முனை... கோடிக்கரை வெளிமான்களுக்கு வந்திருக்கும் சோதனை!

கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் முனை என்றதும் கன்னியாகுமரிப் பாறைகளும், அவற்றில் மோதித் தெறிக்கும் அலைகளும்தான் நம் நினைவுக்கு வரும். காவிரி டெல்டாவிலும் ஒரு முனை இருக்கிறது. ஆனால், அங்கே பெயருக்குக்கூட ஒரு பாறை கிடையாது. மணல், சேறு, உப்பு, முள், புல்... இவ்வளவுதான். அதுதான் கோடிக்கரை.

சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகத் தெற்கே இறங்கிவரும் கடற்கரை, வேதாரண்யம் தாண்டியதும் சட்டென்று மேற்கே மடங்குகிறது. அந்த மூலைதான் கோடிக்கரை. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. 'கோடி' என்றால் கடைசி முனை. தஞ்சைச் சீமையின் நெல்வயல்கள் முடிந்து, 1930-ல் ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாகிரகம் நடந்த வேதாரண்யத்தையும், அகஸ்தியன்பள்ளி உப்பளங்களையும் தாண்டினால் இந்தக் காடு வரும்.

இந்த இடத்தின் தனிமை இன்று நேற்று வந்ததில்லை. கடற்காற்று வீசும் இந்த இடத்தில் துணையில்லாமல் எப்படி இருக்கிறாய் என்று இங்குள்ள குழகரைப் பார்த்துக் கேட்டுப் பாடியிருக்கிறார் சுந்தரர். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கோ இது பூங்குழலியின் ஊர். கல்கி அதில் காட்டும் காடும் புதைசேறும் வெறும் கற்பனையில்லை. இரண்டுமே இன்றும் இங்கே இருக்கின்றன.

ஆறும் கடலும் சேர்ந்து கட்டிய நிலம்

காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டலையும் மணலையும் அலைகளும் நீரோட்டமும் பல நூற்றாண்டுகளாக ஒதுக்கி ஒதுக்கிக் குவித்ததில் உருவான நிலம் இது. அதனால், மணல்மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகக் கிடக்கின்றன. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உயர வித்தியாசம் மிகக் குறைவு. ஆனால், அந்தச் சின்ன வித்தியாசம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மேட்டில் காடு, சற்றுத் தாழ்ந்த இடத்தில் புல்வெளி, இன்னும் தாழ்ந்தால் உப்புச் சேறு.

இந்த முனையிலேயே உயரமான இடம், ராமர் பாதம் இருக்கும் மணல்மேடு. ராமர் இங்கே நின்றுதான் இலங்கையைப் பார்த்தார் என்பது ஊர் நம்பிக்கை.

சுற்றிலும் கடல் இருக்க, இங்கே காடு எப்படிப் பிழைக்கிறது? ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்குகிறது. உப்புநீரைவிட நன்னீர் எடை குறைவு என்பதால், அடியிலிருக்கும் உப்புநீரின்மேல் ஒரு மெல்லிய படலமாக அது தங்கிவிடுகிறது. வெயில் காலத்திலும் இலை உதிராமல் நிற்கும் பாலை, வீரை போன்ற மரங்களுக்கு உயிர்த்தண்ணீர் அதுதான். இந்த வகைக் காட்டுக்கு 'உலர் பசுமைமாறாக் காடு' என்று பெயர். ஒருகாலத்தில் சோழமண்டலக் கடற்கரை நெடுகிலும் இருந்த இந்தக் காடு, இன்று பெரும்பாலும் கோயில் காடுகளாகத் துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. பெரிய பரப்பாக எஞ்சியிருக்கும் வெகுசில இடங்களில் கோடியக்காடும் ஒன்று.

வெளி இருந்தால்தான் வெளிமான்!

1967-ல் இந்த இடம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதற்கு முக்கியக் காரணமே வெளிமான்கள்தான். ஆண் மானுக்கு முதுகு கருமை, வயிறு வெள்ளை, முறுக்கிவிட்டதுபோல நீண்ட கொம்புகள். பெண் மான் பழுப்பு நிறம், கொம்பு கிடையாது. புள்ளிமான், நரி, காட்டுப்பன்றி, முயல், குரங்கு எனப் பல விலங்குகள் இங்கே இருந்தாலும், வருகிறவர்களின் கண்கள் தேடுவது வெளிமானைத்தான்.

பெயரிலேயே இருக்கிறது அதன் குணம். வெட்டவெளியில் வாழும் மான் அது. புதரில் ஒளிந்துகொள்வது அதன் வழக்கமில்லை. ஆபத்தைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, வேகமாக ஓடித் தப்பிப்பதுதான் அதன் பாதுகாப்பு. அதற்குப் புல் வேண்டும்; கண்ணுக்கெட்டிய தூரம் வரை மறைப்பில்லாத வெளியும் வேண்டும்.

அந்த வெளியைத்தான் சீமைக்கருவேலம் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டிருக்கிறது. இதில் கொடுமை என்னவென்றால், அதைப் பரப்புவதில் வெளிமானுக்கும் பங்கிருக்கிறது! கோடையில் புல் காய்ந்துவிடும். அந்த நேரத்தில்தான் சீமைக்கருவேலம் இனிப்பான காய்களை உதிர்க்கிறது. பசிக்கு மான்கள் அதைத் தின்கின்றன. செரிக்காத விதைகள் புழுக்கையோடு புல்வெளியில் விழுந்து, மழை பெய்ததும் முளைத்துவிடுகின்றன. இன்றைய பசியை ஆற்றும் காய், நாளைய மேய்ச்சலை இல்லாமல் செய்கிறது.

சுற்றுலாப் பயணிகள் ஆசையாகப் படம் எடுக்கும் குதிரைகளும் இங்கே உண்டு. மனிதர்கள் வளர்த்துக் கைவிட்ட மட்டக்குதிரைகளின் வழிவந்தவை அவை. அவையும் அதே புல்லைத்தான் மேய்கின்றன. அதே குட்டைத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. அதே கருவேலங்காயைத் தின்று அதே விதையைப் பரப்புகின்றன.

வேரோடு பிடுங்கினால் தீர்ந்தது என்று தோன்றும். அது அத்தனை எளிதில்லை. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். பிடுங்கினாலும் மண்ணுக்குள் கிடக்கும் விதைகள் அடுத்தடுத்த மழைக்கு முளைக்கும். அதனால் ஒருமுறை இயந்திரத்தை இறக்கி அகற்றிவிட்டு வந்துவிட முடியாது. ஆண்டுதோறும் கன்றுகளைப் பிடுங்கி, புல் திரும்ப வரும்வரை காவல் இருக்க வேண்டும்.

கஜா சொல்லிவிட்டுப் போனது

பாறை இல்லாத முனைக்குப் புயல் வந்தால் என்ன ஆகும் என்பதை 2018 நவம்பர் 16 காட்டியது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்த அன்று, காட்டில் மரங்கள் கொத்துக்கொத்தாகச் சாய்ந்தன. கடல்நீர் உள்ளே புகுந்தது. அடித்துச்செல்லப்பட்ட மான்களின் உடல்கள் காரைக்கால் கடற்கரை வரை ஒதுங்கியதாகச் செய்திகள் வந்தன. அதற்கு முன், 2004 சுனாமியில் சோழர் காலத்தது என்று சொல்லப்படும் பழைய கலங்கரை விளக்கம் சிதைந்துபோனது. கல் கட்டடமே நிற்காத இடத்தில், மணலைப் பிடித்து வைத்திருப்பவை மரத்தின் வேரும் புல்லின் வேரும்தான்.

கடைமடைக்கும் அப்பால்...

காட்டுக்கு மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை விரிந்து கிடக்கிறது உப்புச் சதுப்பு. அதையும் சேர்த்துத்தான் 2002-ல் தமிழ்நாட்டின் முதல் ராம்சர் தலமாக இந்தப் பகுதி அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் இங்கே பூநாரைகள் கூட்டமாக நிற்கும். கைக்குள் அடங்கிவிடும் கொசு உள்ளான், ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து இந்தச் சேற்றுக்கு வருகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல ஆண்டுகளாக இங்கே பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டு, அவற்றின் பாதையை ஆராய்ந்திருக்கிறார்கள். 1980-களோடு ஒப்பிட்டால் கரையோரப் பறவைகளின் வரத்து வெகுவாகக் குறைந்திருக்கிறது என்பதும் அந்த ஆய்வுகள் சொன்ன செய்திதான்.

பறவைகளுக்கு வேண்டியது சேற்றிலிருக்கும் புழுவும் கூனியும். அவை செழிக்க, கடல்நீரோடு ஆற்றுநீரும் கலக்க வேண்டும். பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு என்று காவிரியின் கிளைகள் இந்தச் சதுப்பில் வந்துதான் முடிகின்றன. வரத்து குறைந்தால் உப்பு ஏறும். உப்பு எல்லை மீறினால் இரை குறையும். இரை குறைந்தால் பறவை வேறு இடம் தேடும்.

போகிறவர்கள் கவனத்துக்கு...

வேதாரண்யத்திலிருந்து சுமார் 10 கி.மீ. தூரம். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியன்பள்ளி வரை 2023 முதல் மீண்டும் ரயில் ஓடுகிறது. பறவை பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஜனவரியிலிருந்து பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். காலையில் சீக்கிரம் போங்கள். மானைக் கண்டால் வண்டியை ஓரமாக நிறுத்தி அமைதியாகப் பாருங்கள், படத்துக்காகத் துரத்தாதீர்கள். சாலையோரக் குரங்குகளுக்குத் தின்பண்டம் போட வேண்டாம். கொண்டுபோன பிளாஸ்டிக்கை மறக்காமல் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.

மேட்டூர் அணை திறக்கும்போதெல்லாம் 'கடைமடைக்குத் தண்ணி வந்துசேருமா?' என்பதுதான் டெல்டாக்காரர்களின் முதல் கேள்வி. கடைமடை வயலையும் தாண்டிப் போகும் தண்ணீரைக் 'கடலில் வீணாகக் கலக்கிறது' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தத் தண்ணீருக்காகவும் அங்கே உயிர்கள் காத்திருக்கின்றன!