உப்பும் சீனியும் உயிர் காக்கும்



குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால், "தண்ணீர் கொடுக்காதே, இன்னும் போகும். வயிற்றைக் காயப் போடு" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அன்பினால் சொல்வதுதான், ஆனாலும் தவறு. உடலில் நீர் வற்றியே குழந்தை இறக்கிறது. அந்த நீரைத் திரும்ப ஏற்றும் வழி நம் குடலிலேயே இருக்கிறது. அதை இன்று பார்ப்போம்.

நம் உடல் உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. தண்ணீர் பள்ளத்துக்குத் தானே ஓடும். மேட்டுக்கு ஏற்றப் பம்பு வேண்டும், பம்புக்கு எண்ணெய் வேண்டும். உயிரணுவிலும் அப்படியே. ஒரு பொருளைக் குறைவான இடத்திலிருந்து மிகுதியான இடத்துக்குக் கடத்த, நாம் உண்ட உணவின் ஆற்றல் செலவாகிறது. இதனைச் 'செயல்மிகு கடத்தல்' என்பார்கள்.

இத்தகைய பம்பு ஒன்றை 1957ஆம் ஆண்டில் டென்மார்க் அறிஞர் ஜென்ஸ் ஸ்கோவ் கண்டறிந்தார். 1997இல் நோபல் பரிசும் பெற்றார். சமையல் உப்பிலுள்ள சோடியத்தை அது உயிரணுவிலிருந்து வெளியேற்றுகிறது. ஒவ்வொரு முறையும் 3 சோடியத் துகள்கள் வெளியே போக, 2 பொட்டாசியத் துகள்கள் உள்ளே வருகின்றன.

குடற்சுவர் உயிரணுவில் இந்தப் பம்பு இரத்தம் ஓடும் பக்கத்தில் இருக்கிறது. அது இறைக்க இறைக்க, உள்ளே சோடியம் குறைகிறது. ஆகவே குடலிலுள்ள சோடியம் உள்ளே வரத் துடிக்கிறது. அது நுழையும் வாசல்களில் ஒன்று, சீனியிலிருந்து பிரியும் குளுக்கோஸையும் கூடவே அழைத்துச் செல்லும். இரண்டும் சேர்ந்து போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். காலரா கண்டபோதும் இந்த வாசல் அடைபடுவதில்லை.

1971இல் வங்காள தேசப் போரின்போது, மேற்கு வங்காளத்து அகதி முகாம் ஒன்றில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து நீர் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கவே கொடுத்தார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்த இடத்தில், இறப்பு 4 பேருக்கும் கீழே இறங்கியது.

கிளினிக்கில் கிடைக்கும் உப்புநீர்ப் பொட்டலமே சிறந்தது. அது இல்லாத நேரத்தில், கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில், தலை தட்டிய 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்வோம். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொடுக்க வேண்டாம். உப்பு மிகுந்தால் ஆபத்து. சிறிது சிறிதாக, அடிக்கடி ஊட்டுவோம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். ஒரு நாள் கழிந்த நீரை ஊற்றிவிடுவோம்.

கண் குழிந்தாலோ, குழந்தை துவண்டாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வோம். வழியிலும் ஊட்டிக்கொண்டே போவோம்.

குடலின் பம்பு ஓயாமல் வேலை செய்கிறது. அதற்கு வேண்டிய உப்பையும் சீனியையும் நீரையும் கொடுப்பது நம் வேலை.