மாதவிடாய் நின்ற பெண்களுக்கு முருங்கையும் முளைக்கீரையும்

நாற்று நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்களை நம்பியே நடக்கின்றன. அந்தப் பெண்களுக்கு 45 வயதுக்கு மேல் மாதவிடாய் நிற்கும் காலத்தில் அசதி, மூட்டுவலி, உடல் பருமன் தோன்றினால், "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடுகிறோம். பயிர் வெளுத்தால் காரணம் தேடும் நாம் இதற்கும் காரணம் அறிதல் வேண்டும்.

உடலில் நேரும் மாற்றம்

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு வெகுவாகக் குறைகிறது. இதனால் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. இரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் கூடும் வாய்ப்பு உண்டு. எலும்பு வலுவிழக்கிறது. ஈரத்தில் கிடந்த அரிவாள் துருப்பிடிப்பதுபோல், உடலின் உயிரணுக்கள் ஆக்ஸிகரணத்தால் கெடுவதும் அதிகரிக்கிறது. இதைத் தடுக்கும் வைட்டமின் 'சி', கரோட்டின் முதலிய சத்துக்கள் கீரைகளில் நிறைய உள்ளன.

ஆய்வு கூறுவது என்ன?

லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மாதவிடாய் நின்ற 45 முதல் 60 வயதுக்குட்பட்ட 90 பெண்களை மூன்று பிரிவாக்கி ஆராய்ந்தனர். ஒரு பிரிவுக்குத் தினம் 7 கிராம் முருங்கையிலைப் பொடியும், மற்றொன்றுக்கு 9 கிராம் தண்டுக்கீரை இனத்து இலைப் பொடியும் மூன்று மாதம் உணவில் கொடுத்தனர். மூன்றாம் பிரிவுக்குப் பொடி தரவில்லை. பொடி உண்டவர்களுக்கு ஆக்ஸிகரணப் பாதிப்பும், வெறும் வயிற்றுச் சர்க்கரையும் குறைந்தன. இரத்தத்தில் ஹீமோகுளோபின் கூடியது. இம்முடிவுகள் 2014-இல் வெளியாயின. சிறிய ஆய்வே எனினும், செலவில்லாத வழி என்பதால் கருதத்தக்கது.

கொல்லையில் பயிரிடும் முறை

பெரியகுளத்தில் உருவாக்கப்பட்ட பி.கே.எம். 1 செடிமுருங்கையை விதை மூலம் வளர்க்கலாம். ஒன்றரை அடி நீள, அகல, ஆழக் குழியில் மண்ணுடன் மக்கிய தொழுஉரம் கலந்து நிரப்பி, குழிக்கு இரண்டு விதை ஊன்றவும். செடி இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளைகள் பெருகி இலை நிறையக் கிடைக்கும். முளைக்கீரை விதையை மணலுடன் கலந்து பாத்தியில் தூவினால் சுமார் 25 நாளில் பறிக்கலாம். வீட்டுக்கான கீரையில் பூச்சிமருந்து தெளிக்க வேண்டாம்.

சமைக்கும்போது

கீரையைக் கழுவியபின் நறுக்கவும். அதிக நேரம் வேகவைத்தால் வைட்டமின் 'சி' வீணாகும். சிறிது எண்ணெய் சேர்த்தால் கரோட்டின் உடலில் நன்கு சேரும். மிகுந்த இலையை நிழலில் உலர்த்திப் பொடியாக்கி, காற்றுப்புகாத டப்பாவில் வைத்துச் சாம்பாரிலோ அடை மாவிலோ கலந்து கொள்ளலாம்.

எச்சரிக்கை

கீரை உணவே, மருந்துக்கு மாற்று அன்று. சர்க்கரை நோய்க்கான மாத்திரையை நிறுத்தக் கூடாது. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டபின்பே கீரையைக் கூட்ட வேண்டும். மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் மீண்டும் உதிரம் பட்டால், ஒரு துளியேயானாலும், தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

குடும்பத்தாருக்கெல்லாம் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்பவள் வீட்டுப் பெண். கீரைச் சட்டியில் அவள் பங்கு மிஞ்சியிருக்கிறதா என்று வீட்டிலுள்ளோர் பார்த்துக்கொள்வது நலம்.