கரைவெட்டிக்கு வரும் மலைப்பறவை: வரித்தலை வாத்தின் நீண்டகால நிலைப்பை மதிப்பிடுதல்

முன்னுரை

புறநானூற்றின் 67ஆம் பாடலில் பிசிராந்தையார் அன்னச்சேவல் ஒன்றை விளித்துப் பேசுகிறார். குமரித்துறையில் இரை தேர்ந்து வடமலைக்குத் திரும்பும் அப்பறவை, இடைவழியில் சோழநாட்டைக் கடக்கும் என்பது அப்பாடல் காட்டும் நிலவியல். அவ்வன்னம் இன்றைய வரித்தலை வாத்தே எனக் கொள்வாரும் உளர். இலக்கியச் சான்று ஒன்றை மட்டும் கொண்டு இதனை உறுதிசெய்ய இயலாது. எனினும் வடக்கே உயர்மலையையும் தெற்கே நீர்த்துறையையும் ஒரே பறவையின் வாழ்வெல்லையாகக் காணும் பார்வை அப்பாடலில் உள்ளது. இன்றைய பறவைக் கணக்கெடுப்புகள் பலவற்றில் அது இல்லை.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மலைப்பறவை என்றவுடன் பச்சைமலையே நினைவுக்கு வரும். ஆயின் இவ்வட்டாரத்திற்கு வரும் உண்மையான உயர்மலைப் பறவை சமவெளி ஏரியிலேயே இறங்குகிறது. மங்கோலியா, திபெத்து, சிங்காய், இலடாக்கு ஆகிய மேட்டுநிலங்களின் ஏரிக்கரைகளில் இனப்பெருக்கம் செய்யும் வரித்தலை வாத்து, குளிர்காலத்தில் அரியலூர் மாவட்டக் கரைவெட்டி ஏரிக்கு வந்து தங்குகிறது. இப்பறவைத்தொகை நீண்டகாலம் நிலைக்குமா என்பதை எவ்வாறு மதிப்பிடுவது, அதில் கரைவெட்டியில் எடுக்கப்படும் கணக்கின் பங்கு யாது என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரே பட்டியலில் இருவகை மலைப்பறவைகள்

கரைவெட்டி 1999இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அப்போது அது பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தது. 2007இல் அரியலூர் தனி மாவட்டமானபோது அதனுடன் சேர்ந்தது. 453.72 எக்டேர் பரப்புள்ள இவ்விடம் 2024 சனவரி இறுதியில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அதே அறிவிப்பில் நீலகிரி மாவட்டம் கோத்தகிரியை அடுத்த லாங்வுட் சோலையும் இருந்தது. இத்தற்செயல் இணைவு ஆய்வு நோக்கில் பயனுடையது.

லாங்வுட் சோலையில் வாழும் நீலகிரி சோலைக்கிளி (பெயரில் கிளி இருப்பினும் கிளியினம் அன்று, ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்த சிறுபறவை) மலையை விட்டு இறங்குவதில்லை. பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய் ஆகிய தாழ்நிலங்கள் இவ்வகைப் பறவைகளுக்குக் கடல்போல் தடையாக நிற்பதை மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. 2017இல் இவற்றிற்குச் சோலிகோலா எனத் தனிப்பேரினமே வகுக்கப்பட்டது. இத்தகைய பறவைத்தொகையில் கூடுதலும் குறைதலும் பெரும்பாலும் பிறப்பு, இறப்பு என்னும் இரண்டால் மட்டுமே நிகழும். ஆகவே ஒரே சோலையில் பல ஆண்டுகள் முறையாக எடுக்கும் கணக்கு, அங்குள்ள தொகையின் போக்கை ஓரளவு நேராகவே உணர்த்தும். வரித்தலை வாத்துக்கு இவ்வாய்ப்பு இல்லை.

எண்ணிக்கையும் நிலைப்பும்

ஓர் இனத்தொகையின் நிலைப்பு என்பது இன்று எத்தனை பறவைகள் உள்ளன என்பதன்று. குறித்த காலத்துள் அத்தொகை அற்றுப்போகாதிருக்கும் நிகழ்தகவே நிலைப்பாகும். 1981இல் ஷாஃபர் இதற்கு ஓர் அளவுகோலைத் தற்காலிகமாக முன்மொழிந்தார்: 1000 ஆண்டுகள் நிலைத்திருக்க 99 விழுக்காடு வாய்ப்பளிக்கும் மிகச் சிறிய தொகையே குறைந்தபட்ச நிலைப்புத்தொகை. அதற்கு ஓராண்டு முன்னர் பிராங்கிளின் கூறிய 50, 500 என்னும் எண்கள் பாடநூல்களில் விதிபோல் நின்றுவிட்டன. அவை இனப்பெருக்கத்தில் பங்குகொள்ளும் பயனுறு தொகையைக் குறிப்பவை. கரையில் நின்று எண்ணும் தலைகளை அல்ல. இவ்வேறுபாட்டைக் கருதாது 500க்கு மேல் இருந்தால் அச்சமில்லை என எழுதுவது பிழை.

ஆண்டுதோறும் நிகழும் ஏற்ற இறக்கமும் கணக்கில் கொள்ளத்தக்கது. 100 பறவைகள் ஓராண்டில் 20 விழுக்காடு கூடி 120 ஆகி, மறு ஆண்டில் 20 விழுக்காடு குறைந்தால் 96 ஆகும். சராசரி மாற்றம் சுழி, தொகையோ குறைந்துவிட்டது. ஏற்ற இறக்கம் மிகுந்தால் இவ்விழப்பும் மிகும். வரித்தலை வாத்து இரண்டு அல்லது மூன்று ஆண்டு வளர்ந்த பின்னரே இனப்பெருக்கம் செய்வதால், முதிர்ந்த பறவைகளின் பிழைப்பு வீதத்தில் ஏற்படும் சிறு மாற்றமும் பெரிதாகும். எடுத்துக்காட்டாக, அவ்வீதம் ஆண்டுக்கு 90 விழுக்காடு எனில் முதிர்பறவையின் சராசரி எஞ்சிய ஆயுள் ஏறத்தாழ 10 ஆண்டுகள்; 85 விழுக்காடு எனில் அது 7 ஆண்டுகளுக்கும் கீழ் இறங்கும்.

இவ்வாத்து எவரெசுட்டின் மேல் பறக்கும் என்னும் செய்தி அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. இந்தியாவிலும் மங்கோலியாவிலும் செயற்கைக்கோள் கருவி பொருத்திக் கண்காணித்த ஆய்வில் பதிவான உச்சம் 7,290 மீட்டர். மெல்லிய காற்றிலும் உயிர்வளியை ஈர்க்கும் அதன் குருதிப்புரதம் வியப்புக்குரியதே. ஆயின் அவ்வியப்பு நிலைப்பை மதிப்பிட உதவுவதில்லை.

எண்ணப்படுவது ஏரியா, பறவையா?

கரைவெட்டி, காவிரி நீரைப் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகப் பெறும் பாசன ஏரி. மேட்டூர் அணை திறக்கும் நாளும் வடகிழக்குப் பருவமழையின் அளவும் ஏரியின் நீர்மட்டத்தைத் தீர்மானிக்கின்றன. இவ்வாத்து நீரில் தங்கினும் புல்லையும் வயலில் சிந்திய தானியத்தையும் மேய்வது. ஆகவே நீர் மிகுந்து கரையோரப் புல் மூழ்கினும், நீர் வற்றினும் அது வேறிடம் நாடும். ஓராண்டில் கரைவெட்டியில் குறைந்த வாத்துகள் வடுவூரிலோ கூந்தன்குளத்திலோ கர்நாடக ஏரிகளிலோ இருக்கலாம். அவ்வாறாயின் கரைவெட்டியில் கண்ட குறைவு வாய்க்கால் நீரைப் பற்றிய செய்தியே தவிர இனத்தின் அழிவைப் பற்றியதன்று. மறுதலையாக, பிற ஏரிகள் வறண்ட ஆண்டில் இங்குக் கூடும் பெருந்திரளை இனத்தின் செழிப்பாகக் கொள்வதும் தவறே. இரண்டாவது தவறு முன்னதினும் தீங்கானது. எவரையும் அது விழிப்படையச் செய்வதில்லை.

1987 முதல் சனவரியில் நடைபெற்றுவரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, பல நீர்நிலைகளை ஒரே காலத்தில் எண்ணுவதன் வழி இக்குறையைப் பெரிதும் நீக்குகிறது. அதனோடு அந்தந்த நாளின் நீர்மட்டத்தையும் பதிவுசெய்தால் இடப்பெயர்வையும் இழப்பையும் பிரித்தறிவது எளிதாகும்.

பேரிழப்பு என்னும் காரணி

2005இல் சிங்காய் ஏரியில் பறவைக்காய்ச்சல் பரவி 6,000க்கும் மேற்பட்ட காட்டுப்பறவைகள் மடிந்தன. அவற்றுள் பெரும்பங்கு வரித்தலை வாத்துகள். உலகத் தொகையில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு அவ்வோர் ஏரியில் அழிந்ததாக அன்று மதிப்பிடப்பட்டது. 2021 சனவரியில் இமாசலப் பிரதேசத்தின் பாங் அணை நீர்த்தேக்கத்திலும் இவ்வினமே பேரிழப்புக்குள்ளாயிற்று. இத்தனைக்குப் பின்னரும் உலகப் பாதுகாப்புப் பட்டியலில் இது கவலைக்குரியதாக வகைப்படுத்தப்படவில்லை. தொகை ஓர் இலட்சத்தை ஒட்டியது என்னும் மதிப்பீடும் உண்டு. அவ்வகைப்பாடு பொருத்தமானதே. ஆனால் பெருந்திரளாகச் சில நீர்நிலைகளில் கூடும் பறவைக்கு மொத்த எண்ணிக்கை முழுக் காப்பாகாது; எத்தனை இடங்களில் பிரிந்து தங்குகிறது என்பதும் அதே அளவு முதன்மையானது. இந்நோக்கில் கரைவெட்டி போன்ற சிறிய தென்னக ஏரிகள், அவற்றில் தங்கும் பறவைகளின் எண்ணிக்கையைவிடக் கூடுதலான மதிப்புடையவை.

பட்டையில்லாத் தலைகள்

கரைவெட்டிக் கரையில் நின்றே அறியத்தக்க ஓர் அளவு உண்டு. முதிர்ந்த வாத்தின் வெண்தலையில் இரு கரும்பட்டைகள் தெளிவாக இருக்கும். அவ்வாண்டுக் கோடையில் பிறந்த இளம்பறவைக்கு அவை இல்லை. கூட்டத்தில் பட்டையில்லாத தலைகளின் விகிதத்தைக் கணக்கிட்டால், வடமேட்டுநிலங்களில் சென்ற கோடையில் இனப்பெருக்கம் எவ்வாறு அமைந்தது என்பதற்கு ஒரு குறிப்புக் கிடைக்கும். ஏரியில் எத்தனை பறவைகள் இறங்கின என்பதைவிட இவ்விகிதம் நீர்மட்டத்தால் குறைவாகவே திரிபடையும். இதற்குத் தொலைநோக்கியும் பொறுமையும் போதும். பறவையைப் பிடிக்க வேண்டியதில்லை. முதிர்பறவைகளின் பிழைப்பு வீதத்தை அறிவதற்கோ, மங்கோலியாவில் இவ்வாத்துகளுக்கு அணிவிக்கப்படும் எழுத்துக் குறியிட்ட கழுத்துப்பட்டைகளை ஆண்டுதோறும் தேடிப் பதிய வேண்டும்.

குளிர்காலம் முதிர முதிர இளம்பறவைகளின் தலையிலும் பட்டைகள் தோன்றத் தொடங்கும். குடும்பங்கள் ஒன்றாக மேய்வதால் கூட்டத்தின் ஓர் ஓரத்தை மட்டும் எண்ணினாலும் விகிதம் பிறழும். ஆகவே இக்கணக்கை வாத்துகள் வந்திறங்கிய தொடக்க வாரங்களில், கூட்டத்தின் பல பகுதிகளிலிருந்தும், ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே நாட்களில் எடுக்க வேண்டும்.