மூணாற்று உறைபனியும் முதல் வெயிலும்

மார்கழி, தை மாதங்களில், வானம் நிர்மலமாயிருக்கும் இரவுகளில், 2,695 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஆனைமுடியைச் சூழ்ந்த மூணாற்றுப் பிரதேசத்தில், பூமி தன் உஷ்ணத்தை ஆகாயத்துக்குக் கொடுத்துவிட, கனத்த குளிர்காற்று சரிவுகளில் வழிந்து பள்ளத்தாக்கில் தேங்குவதனால், மேட்டுத் தேயிலை பசுமையாகவே இருக்க, தாழ்ந்த புல்வெளி மட்டும் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும் அதிசயத்தை விடியற்காலையில் காணலாம். சூரிய கிரணம் பட்ட சிறிது நேரத்திலேயே அது கரைந்துவிடுமாதலால், படம் பிடிக்க விரும்புவோர் இருட்டிலேயே முக்காலியை நிறுத்திக் காத்திருக்க வேண்டும்.

காமிராவின் ஒளிமானி எந்த வெண்மையையும் நடுத்தரச் சாம்பல் நிறமென்றே கணிக்கும் சுபாவமுடையது. ஆகவே காட்சி முழுதும் பனி நிறைந்திருக்கையில், அது காட்டுவதைவிட ஏறத்தாழ ஒரு ஸ்டாப் கூடுதலாக ஒளி கொடுத்தால்தான் வெண்மை வெண்மையாகப் பதியும். உதய சூரியனும் உள்ளே வந்துவிட்டாலோ, ஒளியைக் குறைத்துப் பிரகாசமான பகுதியைக் காப்பாற்றிக்கொண்டு, இருண்ட சரிவுகளைப் பின்னர் கணினியில் மீட்பதே விவேகம். அதற்கு ரா கோப்பாக எடுத்திருத்தல் அவசியம்.

நிழலில் கிடக்கும் உறைபனி நீலம் பாய்ந்து தோன்றுவது, நேர் வெயிலின்றி ஆகாயத்தின் வெளிச்சம் மட்டுமே அதன்மேல் விழுவதனால்தான். அதனைக் குறையென்று கருதி, திருத்தும்போது படம் முழுவதையும் மஞ்சளாக்கிவிடுவோரைக் கண்டு நான் வருந்துவதுண்டு. அந்தக் காலையின் குளிரெல்லாம் அந்நீலத்தில் அல்லவா இருக்கிறது! டாப் ஸ்டேஷனிலிருந்து தேனிச் சமவெளிமீது காணும் மேகப்பரப்பிலும், மங்கலை நீக்கும் வசதியை மிகச் சொற்பமாகவே பிரயோகிக்க வேண்டும்.

திரும்பி வந்ததும், குளிர்ந்த காமிராவைப் பையிலிருந்து உடனே எடுக்காமல், அறையின் வெப்பத்துக்கு அது மெல்ல வரும்வரை மூடியே வைத்திருந்தால், லென்ஸில் ஈரம் படியாது.